ஏழு கட்டத்திலும் முப்பத்தேழு

நாள் 131 | திங்கள் | 07:10
பதிவு: வ. ஜெசிந்தா, பயிற்சி ஆய்வக நுட்பநர். இடம்: நிலவின் தென்முனைப் பனிச்சுரங்க முகாம். ஆட்கள் 38. ஆய்வக அறை வெப்பம் 11 டிகிரி, மின்சாரச் சிக்கனம். பயிற்சி முடிய 49 நாள் பாக்கி. நூற்றெண்பது நாளும் பதிவு ஒழுங்காக இருந்தால்தான் சான்றிதழ். ஆகவே இதைப் படிக்கப்போகும் தேர்வாளருக்கு வணக்கம்.

இன்றைய வேலை: குடிநீர் ஒன்று, மலம் மூன்று. மூன்றில் ஒன்று ஊறுகாய் டப்பாவில் வந்தது. அடியில் மாங்காய் எண்ணெய்கூடக் கழுவப்படவில்லை. சீ! நான் கொடுத்தனுப்பிய டப்பா எங்கே என்று கேட்டால், அது நன்றாக இருக்கிறதென்று சர்க்கரை போட்டு வைத்திருக்கிறாராம். இங்கே காற்று வெளியே போகாது. காலையில் திறந்த மூடியின் நாற்றம் மாலைக் காப்பியிலும் இருக்கும். கல்லூரி விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி நுண்ணோக்கியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதைப் பார்த்துச் சிரித்தாளோ, மகராசி.

இன்குபேட்டர் 37. நீரைத் தட்டில் ஊற்றி, உடல் சூட்டில் இரண்டு நாள் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பெட்டி இது.

நாள் 133 | புதன் | 09:30
குடிநீர்: வளர்ச்சி இல்லை. நீர் சுத்தம் என்ற சீட்டில் கையெழுத்துப் போடுவதற்குள் நீர்நிலையத்திலிருந்து ஒலிபெருக்கி அலறியது.

"தங்கச்சி, சீட்டு ரெடியா? ஆளுங்க டம்ளரோட நிக்காங்க."

சுடலைமுத்து அண்ணன். முகாமின் நீர் அவர் பொறுப்பு. கழிப்பறையில் போவதையும் துணியில் பிழிவதையும் வடிகட்டித் திரும்பக் குழாயில் விடுபவர். என் சீட்டு கைக்கு வந்ததும், எல்லார் முன்னாலும் முதல் டம்ளரை அவரே குடிப்பார். நம் தண்ணீரை நாமே குடிக்காவிட்டால் யார் நம்புவார்கள் என்பார். இன்றும் குடித்தார். ஜெசிந்தா கையெழுத்துப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கலாம் என்று எல்லாரிடமும் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு. சமையல்மேல் சந்தேகம்.

இன்குபேட்டர் 37.

நாள் 135 | வெள்ளி | 11:00
பதினொரு பேர். பதினொரு டப்பா. குமட்டிக் குமட்டித் தொண்டை புண்ணாகிவிட்டது. குடிநீர் மறுபடி பார்த்தேன்: வளர்ச்சி இல்லை. சமையலறையைக் கழுவச் சொன்னேன். சுடலைமுத்து அண்ணனுக்கும் வந்துவிட்டது. சரியான டப்பாவில், பெயர் எழுதி, துணி சுற்றி, தலையைக் குனிந்துகொண்டு கொண்டுவந்தார். அவர் போனதும் தொட்டியில் வாந்தி எடுத்தேன். அதுவும் அதே குழாயில்தான் போகும், கருமம்.

இன்குபேட்டர் 37.

நாள் 136 | சனி | 10:15
இன்குபேட்டரில் இருந்து தட்டை எடுத்தேன். கையுறை கிழிந்திருந்தது. தட்டு சில்லென்று இருந்தது.

வெளியே எண்பலகை 37 என்கிறது. உள்ளே நீர்க்குப்பியில் நிற்கும் கண்ணாடி வெப்பமானி 11 என்கிறது. பெட்டி செத்துவிட்டது. பலகை மட்டும் கடைசியாகப் பார்த்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

தேர்வாளர் அவர்களே, எழுதிவிடுகிறேன். வெப்பப் பதிவுத் தாளில் வாரத்துக்கு ஏழு கட்டம். தினம் காலையில் கதவைத் திறந்து கண்ணாடி வெப்பமானியைப் பார்த்து ஒரு கட்டம் நிரப்ப வேண்டும். நான் திங்கட்கிழமையே ஏழு கட்டத்திலும் 37 எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். எங்கள் கல்லூரியில் சீனியர் அக்காக்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அது என்றைக்கு மாறியிருக்கிறது என்பார்கள். நாளை ஞாயிறு இன்னும் வரவில்லை, அதற்கும் 37 தயார்.

என்றைக்குக் கெட்டது? என் தாளைப் பார்த்தால் தெரியாது. அந்தக் குளிரில் எந்தக் கிருமியும் இரண்டு நாளில் வளராது. வளரவில்லை என்றால் இல்லை என்று சீட்டுக் கொடுத்திருக்கிறேன். முப்பத்தெட்டுப் பேரும் ஒருவர் கழித்ததை ஒருவர் குடித்திருக்கிறோம். நானும் குடித்தேன். தினம் மூன்று லிட்டர்.

நாள் 136 | 14:40
நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டேன். ஏற்கெனவே படுத்திருப்பவர்கள் பத்தொன்பது. சலைன் பாட்டில் இருபத்துநான்கு. பூமிக்கு எல்லாவற்றையும் சொல்லி மருந்துக் கப்பல் கேட்டேன். என் பயிற்சிக்கு அங்கிருந்து பொறுப்பாளரான தெய்வநாயகம் சாரின் பதில்:

"நீ சொல்றத நான் நம்புறேன்மா. ஆனா மேல கேப்பாங்க. தண்ணி சுத்தம்னு நூத்து முப்பத்தாறு நாளா நீயே கையெழுத்துப் போட்டிருக்க. எத நம்பி கப்பல் அனுப்பச் சொல்ல? கிருமி வளர்ந்த தட்டு ஒண்ணு காட்டு."

பத்து நிமிடம் கழித்து, பதிவில் வராத அலைவரிசையில்:

"ஜெசிந்தா, இன்னைக்குக் கட்டத்தையும் நாளைக் கட்டத்தையும் மட்டும் அடிச்சு எழுதிடு. பெட்டி இன்னைக்குத்தான் கெட்டுச்சுன்னு இருக்கட்டும். உனக்கும் சர்டிபிகேட் தப்பிக்கும், எனக்கும் தலைவலி இல்ல."

பதிவில் வராததை நான் பதிவில் எழுதுகிறேன். பெட்டி இன்றுதான் கெட்டது என்றால் பழைய சீட்டெல்லாம் சரியென்று ஆகும், கப்பல் வராது. ஊறுகாய் டப்பாகூட இவ்வளவு நாறவில்லை. ஆனால் பேனாவைக் கையில் எடுத்தேன் என்பதும் உண்மை. கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அந்த நாற்றம் என்னுடையது.

நாள் 136 | 15:20
தட்டு வளர 37 டிகிரி வேண்டும். அடுப்பு அறுபதுக்குக் கீழே இறங்காது. இந்த முகாமில் அந்தச் சூட்டில் இருப்பது மனித உடம்பு ஒன்றுதான். குடிநீர் ஊற்றிய மூன்று தட்டுகளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, வயிற்றோடு சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அருவருப்பில் மயிர்க்கால் எல்லாம் நிற்கிறது.

இன்குபேட்டர் 36.8. பார்த்து எழுதியது.

நாள் 138 | திங்கள் | 09:00
வளர்ந்துவிட்டது. மூன்று தட்டிலும் இடைவெளியே இல்லாமல் இளஞ்சிவப்புப் புள்ளிகள், வழவழவென்று. திறந்ததும் கக்கூஸ் நாற்றம். என் வயிற்றுச் சூட்டில் வளர்ந்தது. படம் அனுப்பினேன். தெய்வநாயகம் சாரின் பதில்:

"தட்டு பார்த்தாச்சு. கப்பல் கிளம்புது. எட்டு நாள் தாக்குப்பிடிங்க."

சுடலைமுத்து அண்ணன் காலை ஏழு மணிக்கு இறந்துவிட்டார். அதற்குச் சற்று முன்னால் தண்ணீர் கேட்டார். கொதித்து ஆறியதைக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். பிறகு குடித்தார். நான்தான் அவரைக் கொன்றேன். யாரும் இதை வேறு மாதிரி எழுத வேண்டாம்.

இந்த வாரத் தாளில் திங்கள் கட்டத்தை மட்டும் நிரப்பினேன்.

இன்குபேட்டர் 37.1.

நாள் 141 | வியாழன் | 08:20
இன்குபேட்டர் 39.6. இன்குபேட்டருக்கு வயிற்றுப்போக்கு. சலைன் நேற்றே தீர்ந்தது. கடைசிப் பாட்டிலைச் சமையல்காரருக்கு ஏற்றினேன், எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

என் நாற்றமே எனக்குத் தாங்கவில்லை. செவ்வாயன்று வயிற்றில் கட்டிய இரண்டு புதுத் தட்டுகளை அவிழ்த்தேன். கொதிக்கவைக்காத நீர் ஊற்றிய தட்டு: நிறைய வளர்ச்சி. பக்கத்திலேயே இருந்த, கொதிக்கவைத்த நீர்த் தட்டு: வளர்ச்சி இல்லை. சூடு இருந்தது, கிருமிதான் இல்லை. நான் கொடுத்த சீட்டுகளில் நம்பத் தகுந்தது இது ஒன்றுதான். முதல் டம்ளரை எல்லார் முன்னாலும் நானே குடித்தேன். நிற்கவில்லை, வெளியே வந்துவிட்டது. ஆனாலும் மற்றவர்கள் குடித்தார்கள்.

புதிதாக யாருக்கும் வரவில்லை. கடைசியாக ஒருமுறை பார்க்க, புதுத் தட்டு கட்டியிருக்கிறேன்.

நாள் 142 | வெள்ளி | 08:05
இன்குபேட்டர் 35.1. இரண்டு தடவை பார்த்தேன்.

விரல் நுனி சுருங்கிக் கிடக்கிறது. பேனா வழுக்குகிறது. நாற்றம் இப்போது தெரியவில்லை.

நாள் 142 | 11:30
34.2

தட்டை நாளைக்குத்தான் எடுக்க வேண்டும். யாராவது என் வயிற்றிலிருந்து அவிழ்த்துப் பாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சூடு போதாது, அதனால் அதை நம்ப வேண்டாம், வளரவில்லை என்றாலும் இல்லை என்று எழுத வேண்டாம்

தேர்வாளர் அவர்களே, இந்த வாரத் தாளில் இன்னும் இரண்டு கட்டம் இருக்கிறது. சனி, ஞாயிறு. காலியாகவே இருக்கட்டும். யாரும் இரக்கப்பட்டு அதில் முப்பத்தேழு