ரஹ்மத் டீச்சருக்கு: வண்டி புக் பண்ணிவிட்டேன்

என் ரஹ்மத்துக்கு,

பள்ளிக்கூடத்தில் இருந்தவரை 'வாங்க டீச்சர், போங்க டீச்சர்' என்றே இருந்துவிட்டோம். கேட்டைத் தாண்டிய பிறகு நீ என்னை அக்கா என்பாய். அப்போதும் நான் உன்னை 'ங்க' போட்டுத்தான் கூப்பிட்டேன். இன்றைக்கு 'நீ' என்று எழுதுகிறேன். ஆட்சேபம் இருந்தால் நேரில் வந்து சொல்.

சேதி இதுதான். வண்டி புக் பண்ணிவிட்டேன். நாம் பேசிக்கொண்டிருந்த அதே வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப். புத்தம் புதிது. என் பெயரில். இதில் எதையும் யாரும் எளிதாக எனக்குக் கொடுத்துவிடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ இருந்திருந்தால் போனிலேயே முடிந்திருக்கும். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்து என்னைச் சொல்லவும் விட்டிருக்க மாட்டாய்.

புதிது என்பதை அழுத்திச் சொல்கிறேன். இதுவரை என் கைக்கு வந்த வண்டி எல்லாம் இன்னொருவர் ஓட்டி அலுத்தவை. வீட்டுக்காரர் ஓட்டிய ஸ்கூட்டர், அவர் போன பிறகு அண்ணன் கொடுத்த பழைய கார். அந்தக் காரின் டிரைவர் சீட் அண்ணனின் உடம்புக்குத் தக்கபடி குழிந்துபோயிருந்தது. நான் தலையணை போட்டுக்கொண்டு ஓட்டினேன். "உங்கண்ணன் மடியில உக்காந்து ஓட்டற மாதிரியே இருக்குதுங்க்கா" என்று நீ கேலி செய்யாத நாள் உண்டா?

ஏன் ஜீப் என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் இருவரும் சத்தியமங்கலத்துக்கு மேலே ஒரு மலைக்கிராமத்துக்குத் தேர்தல் வேலைக்குப் போனோம். வாக்கு இயந்திரத்தோடு நம்மையும் ஒரு ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். பாறையும் சேறுமாக இருந்த அந்தப் பாதையில் நான் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். நீயோ முன்னால் எட்டி, எந்தக் கம்பியை எப்போது இழுக்கிறார் என்று டிரைவரைக் கேட்டுக்கொண்டே வந்தாய். "டீச்சருங்களுக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்றார் அவர். "கத்துக்கிட்டாத் தப்புங்களா?" என்றாய். "தப்பில்லீங்க. எதுக்குன்னுதான் கேக்கறேன்."

அந்த 'எதுக்கு' உன்னைச் சுட்டுவிட்டது. மலையிறங்கும்போது என் காதில் சொன்னாய்: "ரிட்டயர் ஆனதும் ஒண்ணு வாங்கறோமுங்க்கா. எதுக்குன்னு எவன் கேட்டாலும் பதில் சொல்றதில்ல." ஐம்பது வயதுக்கு மேல் கோட்டைமேட்டுச் சந்துகளில் கார் ஓட்டப் பழகினாய். எதிர்வீட்டுப் படிக்கட்டு இன்றைக்கும் அதற்குச் சாட்சி. பிறகு ஆஸ்பத்திரி, மாத்திரை, மறுபடி ஆஸ்பத்திரி. நீ போகும்வரை வண்டிப் பேச்சை இருவரும் எடுக்காமலே விட்டோம். ஏன் விட்டோம் ரஹ்மத்? பேசியிருந்தால் உனக்குக் கொஞ்சமாவது ஆறுதலாக இருந்திருக்குமோ?

சரி, கதைக்கு வருகிறேன்.

மதுக்கரை போகும் வழியில் இருக்கிற ஷோரூமுக்குத் தனியாகத்தான் போனேன். அங்கே விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பெயர் பிரபு. முப்பது வயது இருக்கும். கையைக் குவித்துக் கும்பிட்டு, எனக்குப் பின்னால் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சார் பின்னால வர்றாருங்களா மேடம்?"

"எந்த சாரு?"

"இல்லீங்க, வண்டி பாக்கறதுக்கு..."

"பாக்கறதுக்குத்தான கண்ணு நான் வந்திருக்கறேன்."

ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் இதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருந்தேன். கடன் வாங்குவதில்லை, பையனிடம் கேட்பதில்லை. இது என் கோடு. அந்தக் கோட்டுக்குள் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்றே ஒன்றுதான் வந்தது. இருப்பதிலேயே அடிமட்ட மாடல். அதில் என்னென்ன இல்லை என்று பிரபு துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்.

"டச் ஸ்கிரீன் வராதுங்க. பாட்டுக் கேக்க முடியாதுங்க."

"நானே பாடிக்குவேன்."

"அலாய் வீல் வராதுங்க. இரும்பு வீல்தானுங்க."

"நல்லதாப் போச்சு. ஒடுங்குனா தட்டி நிமுத்திக்கலாம்."

அவர் கடைசி அம்பை எடுத்தார். "இதே ரேட்டுக்கு ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கற மாடல்ல எல்லாமே வருதுங்க மேடம். பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணாட்டத்தானுங்க இருக்கும். வெளிய ஒருத்தருக்கும் தெரியாதுங்க."

"சேத்துல நின்னா வண்டிக்குத் தெரியுமுல்ல?" என்றேன். பிறகு பழக்கதோஷம், உதாரணத்துக்குப் போய்விட்டேன். "கட்டில் தூக்கியிருக்கறீங்களா? நாலு பேரு நாலு காலப் புடிக்கறாங்க. அதுல ரெண்டு பேரு சும்மா கைய மட்டும் வெச்சுட்டு வந்தா எப்படியிருக்கும்? சமதரையில ஒண்ணும் தெரியாது. படியேறும்போதுதான் தெரியும்."

அவர் தலையைச் சொறிந்தார். "டீச்சருங்களா?"

"பிசிக்ஸ்."

"எனக்கு பிசிக்ஸ் வரவே வராதுங்க."

"கட்டில் தூக்க வந்தாப் போதும்."

முன்பணம் கட்டினேன். "எதுக்கும் இன்னொரு நம்பர் குடுங்க டீச்சர்" என்றார். பையன் தினேஷின் நம்பரைக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

வீட்டில் சொன்னபோது யாரும் சண்டை போடவில்லை. நம் ஊரில் சண்டையா போடுவார்கள்? தினேஷ், "சரிங்கம்மா, பொறுமையாப் பாக்கலாம்" என்றான். அண்ணன் ஒரு படி மேலே போய் எனக்கு யோசனை சொன்னார்: "தோட்டத்துக்குப் போறதுக்குன்னு சொல்லு அம்மிணி. ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க." பெருந்துறையில் இருக்கிற அந்தத் தோட்டத்துக்கு வாசல்வரை தார்ரோடு போட்டிருக்கிறது ரஹ்மத்!

யோசித்துப் பார்த்தேன். தோட்டத்துக்கு என்றால் விடுவார்கள். கோயில் கோயிலாகப் போக என்றால் விடுவார்கள். பேத்தியைக் கூட்டிப் போக என்றால் தாராளமாக விடுவார்கள். எனக்கு ஓட்ட ஆசை என்று சொன்னால் மட்டும் உடம்பு ஏதும் சரியில்லையா என்று பார்ப்பார்கள். ஒரு சின்னப் பொய் சொன்னால் முடிந்துவிடும். ஆனால் பொய்யைக் கொடுத்து வாங்கிய வண்டியை எந்த முகத்தோடு ஓட்டுவது? "மலை ரோட்டுல ஓட்டோணும்னு ஆசைங்ண்ணா, அவ்வளவுதான்" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்தார். பழத்தைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, நல்ல சேதி இல்லையென்று. அவர் குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டிருக்கிறார்.

இந்தப் பழக்கத்தைப் பற்றி உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். கேள்வியை மனதில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். கல்யாணமோ, கிணறோ, எங்கள் வகையறாவில் பூக் கேட்காமல் ஒன்றும் நடக்காது.

"செவப்பு வந்துபோச்சு அம்மிணி" என்றார் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு. "நாமென்ன பண்றது? ஆத்தாளே வேண்டாங்கறா."

"நீங்க என்னன்னு கேட்டீங்க?"

"எந்தங்கச்சி இந்த வண்டி வாங்கலாமான்னு."

"அண்ணா, பரீட்சையில ஒருத்தன் பேருக்கு இன்னொருத்தன் எழுதுனா மார்க்கு யாருக்குப் போகும்? நான் போகவே இல்ல, கேக்கவே இல்ல. எனக்கெப்படி பதில் வரும்?"

"சாமி விசயத்துல பிசிக்ஸ் பேசாத."

"சரி, பேசல. நம்ம தோட்டத்துல போர் போடறப்ப மொதல்ல என்ன வந்துது?"

அவர் வாழைப்பழத்தை ஒவ்வொன்றாகப் பிய்க்க ஆரம்பித்தார்.

"சொல்லுங்ண்ணா. செவப்புத்தான?"

"...ஆமா."

"அப்புறம்?"

"அடுத்த அமாவாசைக்கு மறுக்காக் கேட்டோம்."

"அப்பவும் செவப்பு. அதுக்கடுத்த அமாவாசைக்கும் போயி, வெள்ள வர்ற வரைக்கும் கேட்டுப்போட்டுத்தான வந்தீங்க? தண்ணிக்குன்னா ஆத்தாகிட்ட மூணு தடவ மல்லுக்கட்டுவீங்க. தங்கச்சிக்குன்னா ஒரே தடவையில கும்பிட்டுட்டு எறங்கிப்போட்டீங்களே!"

அண்ணன் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்துவிட்டார். "இவகிட்ட வாயக் குடுத்தன் பாரு" என்றார். நானும் சிரித்தேன். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பக்கத்தில் இருந்த தினேஷ் சிரிக்கவில்லை. "அம்மா, நான் ஷோரூம்ல சொல்லிப்போட்டேங்க. அந்த வண்டிய மாத்தியாச்சு. ரெண்டு சக்கரம் இழுக்கற மாடலு, கியர் தானா மாறிக்கும், உங்களுக்குச் சுலபம். ரெடியா நிக்குது" என்றான்.

யாரைக் கேட்டு மாற்றினாய் என்றேன். பூ சிவப்பு வந்ததும் மாமா போன் செய்தாராம், இவன் பிரபுவுக்குப் போன் செய்தானாம். பூவிலிருந்து ஷோரூம்வரை எல்லோருக்கும் போன் போயிருக்கிறது, என்னைத் தவிர.

"நீங்க தனியா மலை மேல போயி, உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க என்னங்கம்மா பண்றது?" என்றான். அவன் பயம் பொய் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் நிதானமாகப் பதில் சொன்னேன். "ரஹ்மத் டீச்சர் எந்த மலையிலயும் தனியா ஏறல கண்ணு. எல்லாரும் சொன்ன மாதிரி பத்திரமா ஊட்டுலயேதான் இருந்தாங்க."

உன் பெயரை ஆயுதமாக எடுத்துவிட்டேனோ? எடுத்தேன்தான். வேறு எதைச் சொன்னாலும் அவனுக்கு உறைத்திருக்காது.

மறுநாள் காலை ஷோரூம் திறக்கும்போதே வாசலில் நின்றேன். பிரபுவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"சார் சொன்னாருங்க டீச்சர். வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சுட்டனுங்க."

"பணம் கட்டுனது யாரு?"

"நீங்கதானுங்க."

"கையெழுத்து?"

"உங்களுதுதானுங்க."

"அப்ப மாத்தறதுக்கு முன்னால யாரக் கேட்டிருக்கோணும்?"

வகுப்பில் தப்பு செய்தவன் நிற்பதுபோலவே நின்றார். பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்துப் பார்த்துத்தானே நாம் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தோம்? பழைய புக்கிங்கைத் திரும்பப் போடச் சொன்னேன். கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: காத்திருப்பு வரிசையில் என் இடம் போய்விட்டது. இனி வரிசையின் கடைசியிலிருந்து தொடங்கவேண்டும். கைக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம்.

"ரெண்டு சக்கரம் இழுக்கற வண்டின்னா வெள்ளிக்கெழமையே எடுத்துக்கலாமுங்க டீச்சர். நல்ல நாளுங்க."

கண்ணாடிக்கு அப்பால் அது நின்றது. சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. பளபளப்பான வீல், பெரிய திரை. என் கோட்டுக்குள் வரும். வெள்ளிக்கிழமை வீட்டு வாசலில் நிற்கும். தினேஷ் சிரிப்பான். அண்ணன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார். என் வயதில் பல மாதம் என்பது சின்ன விஷயமா? ஒரு நிமிஷம் மனம் சாய்ந்தது, உன்னிடம் மறைக்க மாட்டேன்.

"கடைசியிலயே போடுங்க" என்றேன். "ஒம்பதாங் கிளாசுக்கு வருசா வருசம் உராய்வு விசையப் புரியற வரைக்கும் நடத்துனவ நான். காத்திருக்கறது எனக்குப் பெரிசில்ல. என்ற பேரு, என்ற நம்பர் மட்டும். இன்னொரு நம்பர் இல்ல."

இப்போது புக்கிங் உறுதியாகிவிட்டது. தினேஷ் இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்கிறான், வண்டியைப் பற்றிக் கேட்பதில்லை. இருக்கட்டும். அவனை ஒன்பது மாதம் சுமந்தேன், இந்தக் கோபத்தையும் சுமப்பேன். அண்ணன் அடுத்த அமாவாசைக்கு மறுபடி பூக் கேட்கப் போகிறாராம். தாராளமாகப் போகட்டும். எந்தப் பூ வந்தாலும் கொண்டு வாருங்கள், தலையில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே அறிவுரை தொடங்கிவிட்டது. புது வண்டியாம், பாலிஷ் கோட்டிங் போடவேண்டுமாம், உறை வாங்கி மூடவேண்டுமாம், மழையில் எடுக்கக் கூடாதாம். நீயும் நானும் இப்படித்தானே வளர்க்கப்பட்டோம், கீறல் விழாமல் மூடி வைக்க வேண்டிய சாமான்களாக?

ஆகவே உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். வண்டி வந்த அன்றைக்கு ஷோரூமிலிருந்து அதை நான்தான் வெளியே ஓட்டிவருவேன். அந்த வாரமே மலைக்குக் கொண்டுபோவேன். முட்செடி நெருக்குகிற பாதையாகப் பார்த்து உள்ளே விடுவேன். முதல் கீறல் என் கையால் விழும். அதற்கு யாரையும் பெயிண்ட் அடிக்க விடமாட்டேன்.

உன்னை இனிமேல் 'நீ' என்றே கூப்பிடப்போகும்,
உன் அக்கா
சாந்தாமணி