உன் மகனை யாரென்று கேட்ட செல்போன்

எஸ்தரக்கா, என்னோடு ஒரே பெஞ்சில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவளே,

உன் மகன் தோற்றுவிட்டான். நான் ஜெயித்துவிட்டேன். நல்ல சேதியைக் கடைசிவரை வைத்திருக்கிற பொறுமை எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை, அது உனக்கே தெரியும். கோபப்படாதே. தோற்ற பிறகுதான் அவன் பார்க்கவே லட்சணமாக இருக்கிறான்.

நீ போய்ச் சேர்ந்த நாளுக்கு வைக்கிற வருஷ ஜெபத்தில் இந்தக் கடிதத்தை வாசிக்கப்போகிறேன் என்று பாஸ்டரம்மாவிடம் சொன்னேன். "சுருக்கமா எழுதுங்கம்மா" என்றார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள், எழுத்து கோணலாக வரும். சுருக்கமாக வராது. தெருவே உட்கார்ந்து கேட்கட்டும்.

தாமஸ் இப்போது பாதி நாள் உன் வீட்டில்தான் இருக்கிறான். பெங்களூர் ஆபீசுக்கு வாரத்தில் இரண்டு நாள் போனால் போதுமாம். மிச்ச நாளெல்லாம் உன் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் பேசுகிறான். சாப்பாடு என் வீட்டில். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தானோ இல்லையோ, அபிப்பிராயம் ஆரம்பித்துவிடும். தோசை ஆறிப்போகும், அபிப்பிராயம் ஆறாது.

"இன்னும் பத்து வருஷத்துல ஆம்பூர்ல ஷூவே தைக்க மாட்டாங்க சின்னம்மா. எல்லாம் வியட்நாம் போய்டும். மிச்சத்த ரோபோ தைக்கும்."

"ரோபோவுக்கு இடுப்பு வலிக்காதா?"

"அதான் அதோட ப்ளஸ் பாயிண்ட்டே."

பாலாற்றுக்கும் ஒரு யோசனை வைத்திருக்கிறான். கரை நெடுக சென்சார் வைத்தால் எந்தத் தோல் டேனரி கழிவுத்தண்ணீர் விடுகிறது என்று செல்போனிலேயே தெரிந்துவிடுமாம். "தெரியறதுக்கு மெஷின் இன்னாத்துக்குடா? மூக்கு இருந்தா போதும். தெரிஞ்சப்புறம் எவன் கேக்கறான், அதுக்கு ஒரு மெஷின் கண்டுபிடி" என்றேன். சிரித்தான்.

அரசாங்கம் இலவசம் கொடுத்தே ஜனங்களைக் கெடுத்துவிட்டது என்று ஒருநாள் சொன்னான். மூன்றாவது படிக்கும்போது சத்துணவு முட்டைக்காகச் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டாவது தடவை வரிசையில் நின்றானே, ஆயாம்மா பிடித்துவிட்டு உன்னைக் கூப்பிட்டு அனுப்பினாளே, அதை எடுத்துச் சொன்னேன். "அதெல்லாம் ஞாபகம் வெச்சிருப்பீங்களா?" என்றான். வைத்திருக்காமல்?

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். ஆனால் ஒரு வார்த்தைக்காக மட்டும் அவன்மேல் எனக்கு வன்மம் இருந்தது. இரண்டு வருஷமாக அதைக் காய வைத்து எடுத்து வைத்திருந்தேன்.

உன் கடைசி வருஷம் ரேஷன் கடையில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்களே. மெஷின் உன்னை யாரென்று தெரியாது என்றது. கடைக்காரரைக் குற்றம் சொல்லமாட்டேன், "மெஷின் ஏத்துக்க மாட்டேங்குதும்மா, நாளைக்கு வாங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். பதினோரு நாள் நாளைக்கு ஆனது. நீ எலுமிச்சம்பழம் தேய்த்தாய். தேங்காயெண்ணெய் தடவினாய். சாம்பல் போட்டுக் கழுவினாய். ஷூ ஓரத்துக்குப் பசை தடவி, காய்ந்த பசையைக் கட்டைவிரலாலேயே உருட்டி எடுத்து, தின்னர் போட்டுத் துடைத்த கை அது. இருபத்திரண்டு வருஷம் அப்படி. ரேகை எங்கே தங்கும்?

அப்போதும் நீ என்ன சொன்னாய்? "நான்தான் சரியா வைக்கல போல பாக்கியம்." தப்பு செய்த பிள்ளை போல அந்தக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாய்.

தாமசுக்குப் போன் போட்டாய். ஸ்பீக்கரில்தான் பேசினான், நான் பக்கத்திலேயே இருந்தேன். "அது எட்ஜ் கேஸ்மா. கோடிக்கணக்கான பேருக்கு வேல செய்யுது. உன் கைதான் ட்ரை ஆயிருக்கும், க்ரீம் போடு" என்றான். எட்ஜ் கேஸ் என்றால் என்ன என்று என் பேத்தியிடம் கேட்டேன். "ஓரமா கொஞ்சம் பேர் இருப்பாங்க ஆயா, அவங்களுக்காக யாரும் மெனக்கெட மாட்டாங்க" என்றாள். நீ அன்றைக்குச் சாயந்திரமே அவனை மன்னித்துவிட்டாய். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

இந்த வருஷம் அதே மாதிரி மெஷின் நாம் வேலை செய்த ஃபேக்டரி வாசலுக்கு வந்தது. என் மருமகள் கலா இப்போது பசை ஒட்டுகிற நம்முடைய பேஸ்டிங் செக்‌ஷனில்தான் இருக்கிறாள். தையல் செக்‌ஷன்காரர்கள் விரல் வைத்தால் பச்சை விளக்கு. பேஸ்டிங்காரிகள் வைத்தால் பாதிப் பேருக்குச் சிவப்பு. வேலை நடக்க வேண்டுமே, அதனால் செக்யூரிட்டி உள்ளே விட்டுவிடுவார். கலா காலையிலிருந்து சாயந்திரம் வரை உட்கார்ந்து ஒட்டுவாள். அவள் ஒட்டிய ஷூ பெட்டியில் ஏறி லாரியில் போய்விடும். ஆனால் கம்ப்யூட்டரில் கலா அன்றைக்கு வரவில்லை.

சொல்லாமல் பத்து நாள் வராவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். கலாவுக்கு ஏழு நாள் ஆகிவிட்டது. மேனேஜரிடம் போய் நின்றாள். தெரியுமா உனக்கு, ட்ரெய்னியாக வந்த புதிதில் தோலில் எது மேல்பக்கம் என்று உன்னிடம் கேட்டவர்தான் இப்போது மேனேஜர். "மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றாராம்.

அன்றைக்குக் கலா வீட்டுக்கு வந்து அரை மூடி எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கட்டைவிரலைத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் பழத்தைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். ஒருத்தியைப் பார்த்தது போதும்.

தாமஸ் சாப்பிட வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது அக்கா. "அந்த ஃபேக்டரிலயா போட்டிருக்காங்க? அந்த ப்ரோக்ராம் எங்க டீம் பண்ணது சின்னம்மா." உன் மகன். உன் வயிற்றில் பிறந்தவன்.

"அப்போ கலாவ ஏன்டா தெரியலன்னுது?"

"கை சுத்தமா இருக்காது. கழுவிட்டு வெச்சா எடுத்துக்கும். நூத்துக்கு ரெண்டு பேருக்கு அப்படித்தான் ஆவும்."

"பொங்கலுக்கு நாலு நாள் லீவுதானே உனக்கு. மூணு நாள் என் பக்கத்துல ஒக்காந்து ஒட்டு. அதுக்கப்புறமும் உன் விரல் விரலா இருந்தா, நான் இனிமே உன் அபிப்பிராயத்துக்கு எதிர்வார்த்த பேச மாட்டேன்."

அந்த ஆசை அவனை இழுத்துவிட்டது. "டீல்" என்றான்.

நான் இன்னும் ஷூவின் மேல்பாகத்தை வீட்டுக்கு வாங்கிவந்து ஓரம் மடித்து ஒட்டிக்கொடுக்கிறேன், சும்மா உட்கார்ந்தால் எனக்குப் பேஜாராகிவிடும். அவனுக்கு ஒரு பலகை, ஒரு சுத்தியல், ஒரு டப்பா பசை கொடுத்தேன். முதல் நாள் இருபது ஓரம் மடிப்பதற்குள் சீனா, அமெரிக்கா, வரி, ஏற்றுமதி எல்லாம் பேசி முடித்தான். பசையை ஜாஸ்தி தடவி அரை டவுசரைப் பலகையோடு ஒட்டிக்கொண்டான். எழுந்தபோது பலகையும் கூடவே எழுந்தது. கலா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"க்ளவுஸ் போட்டா இந்தப் பிரச்சனையே இல்லயே?"

"போட்டுக்கோ. யாரு வேணான்னா?"

போட்டுப் பார்த்தான். ஓரம் விரலுக்குப் பிடிபடவில்லை, மூன்று துண்டு கோணிக்கொண்டு போனது. அவனே கழற்றி வைத்துவிட்டான். இரண்டாம் நாள் பேச்சு கம்மியானது. மூன்றாம் நாள் பேச்சே இல்லை. காய்ந்த பசையைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுத்தான், தின்னரில் துடைத்தான், எமரி உப்புத்தாளில் முரட்டு ஓரத்தைத் தேய்த்தான். நிஜமாகச் சொல்கிறேன், மூன்றாம் நாள் அவன் மடித்த ஓரம் பார்க்கும்படி இருந்தது. உன் கை கொஞ்சம் இருக்கிறது அவனுக்கு.

சாயந்திரம் நான்கு மணிக்கு யாருக்கோ போன் போடக் கைபேசியை எடுத்தான். கட்டைவிரலை வைத்தான். திறக்கவில்லை. சட்டையில் துடைத்து வைத்தான். திறக்கவில்லை. கழுவிக்கொண்டு வந்து வைத்தான். அவனே விலை கொடுத்து வாங்கிய செல்போன், நீ யார் என்று அவனைக் கேட்டது. கலா தலையைக் குனிந்துகொண்டாள். நான் குனியவில்லை. கண்குளிரப் பார்த்தேன்.

ஆனால் அடுத்த நிமிஷம் அவன் ஏதோ தட்டினான், போன் திறந்துவிட்டது.

"இன்னாடா பண்ண?"

"விரல் எடுக்கல. நம்பர் போட்டுத் தொறந்துட்டேன்."

"விரல் எடுக்கலன்னா நம்பர்னு யாரு வெச்சது?"

"போன் பண்ண கம்பெனிதான். எல்லாப் போன்லயும் இருக்கும் சின்னம்மா. எப்பவுமே ரெண்டாவது வழி ஒண்ணு வெக்கணும், இல்லன்னா ஆளு வெளிய மாட்டிக்குவான் இல்ல."

சொல்லும்போதே அவனுக்குக் குரல் இறங்கிவிட்டது. நான் சத்தம் போடவே இல்லை. மெதுவாகத்தான் கேட்டேன்.

"கலாவுக்கு எங்கடா ரெண்டாவது வழி?"

விரலில் ஒட்டிய பசையை உருட்டிக்கொண்டே சொன்னான். ஒருத்தருக்குப் பதில் இன்னொருத்தர் வந்து கைவைத்துவிடுவார்கள் என்று முதலாளிமார் பயந்தார்களாம், வேறு வழியே வேண்டாம் என்று கேட்டார்களாம், இவர்களும் எடுத்துவிட்டார்களாம். பிறகு ஒன்று சொன்னான். விரல் பிடிபடாவிட்டால் என்ன எழுதுவது என்று ஒரு இடத்தில் தீர்மானிக்க வேண்டியிருந்ததாம். 'தெரியவில்லை' என்று எழுதலாம், 'வரவில்லை' என்றும் எழுதலாம். "வரலன்னு போட்டது நான்தான் சின்னம்மா. ஒரே ஒரு வரி. அஞ்சு நிமிஷம் கூட யோசிக்கல."

பொங்கல் முடிந்து ஃபேக்டரி திறந்த அன்று நாங்கள் மூன்று பேரும் வாசலுக்குப் போனோம். மேனேஜர் தாமஸைப் பார்த்ததும் கை கொடுத்தார். "உங்க மெஷின் பிரமாதம் சார், பொய்யே சொல்லாது" என்றார்.

"பொய் சொல்லல சார். அதுக்குத் தெரியல. தெரியலன்றத நாம வரலன்னு எழுதிக்கறோம். அந்தத் தப்பு என்னுது."

"அதுக்குன்னு விட்டுட்டா ஆள் மாத்திக் கைவெப்பாங்களே சார்."

நான் நடுவில் புகுந்தேன். "சார், பேஸ்டிங்ல முப்பத்தியொரு பேர். ஒருத்தி வரலன்னா அவ வேல பக்கத்துல இருக்கறவ தலைல விழும். எவ சும்மா இருப்பா? உங்க மெஷினுக்கு முன்னாடி அவ சொல்லிடுவா. எது மேல்பக்கம்னு தெரியாதப்பவும் எங்களத்தான கேட்டீங்க?"

மேனேஜர் காது சிவந்துவிட்டது. பதினேழு வருஷம் காத்திருந்தேன் அதைச் சொல்ல.

இரண்டு வாரம் ஆனது, அதுவரை யார் பேரையும் எடுப்பதில்லை என்று மேனேஜர் ஒத்துக்கொண்டார். இப்போது விரல் பிடிபடாவிட்டால் போட்டோ போட்ட அட்டையைக் காட்டினால் போதும், சூப்பர்வைசர் பார்த்துச் சரி என்று அழுத்துகிறார். 'வரவில்லை' என்று விழுந்த நாளையெல்லாம் உற்பத்தி நோட்டோடு ஒத்துப் பார்த்துத் திருத்திவிட்டார்கள். கலா பேர் இருக்கிறது. முப்பத்தியொரு பேர் பேரும் இருக்கிறது. முதல் நாள் அட்டை காட்டிப் பச்சை விளக்கு எரிந்ததும் பேஸ்டிங்காரிகள் வாசலிலேயே கைதட்டினார்களாம். கலா வந்து சொன்னாள். நான் அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

தாமஸ் இன்னும் அபிப்பிராயம் சொல்கிறான். நேற்றுகூட மேம்பாலத்தைத் தப்பான இடத்தில் கட்டிவிட்டார்கள் என்று ஒரு மணி நேரம். ஆனால் இப்போதெல்லாம் முடிக்கும்போது "நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்கிறான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கவும் செய்கிறான். அதுதான் எனக்குப் பெரிய வெற்றி.

ஒன்று மட்டும் உன்னிடம் மறைக்கமாட்டேன். பாயசம் குடித்த அன்று அவன் கேட்டான்: "அம்மா என்கிட்ட அந்த ரேஷன் விஷயத்த எத்தன தடவ சொன்னாங்க?" நான் பொய் சொல்லவில்லை. "மூணு தடவ" என்றேன். எந்தெந்தக் கிழமை, நீ எங்கே உட்கார்ந்து பேசினாய், அவன் அப்போது எந்த வேலையில் இருந்தான் என்பதையும் சொன்னேன். மூன்றாவது தடவை அவன் மீட்டிங்கில் இருந்தான். கேட்டுவிட்டு டம்ளரைக் கழுவப் போனான். வெகுநேரம் கழுவினான். நான் அவனைத் தேற்றவில்லை. நீ இருந்தால் தேற்றியிருப்பாய். நான் தேற்றியிருக்க வேண்டுமா அக்கா?

மறுநாள் அவனாகவே ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தான். விரல் பிடிபடாதவர்களைத் திருப்பி அனுப்பாமல் அட்டையைப் பார்த்து அன்றைக்கே அரிசி கொடுக்க வேண்டும் என்று, ரேஷன் கடைக்காக. நம் தெருவில் மட்டும் நாற்பது கையெழுத்து. கையெழுத்து வராதவர்கள் கட்டைவிரலில் மை தடவி வைத்தார்கள், அதில் பாதி வெறும் கறுப்பு வட்டமாக விழுந்தது. அதிகாரிக்கு வேறு சாட்சி வேண்டாம் என்றான் தாமஸ்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள். நான் போகிறேன். அவன் பக்கத்தில் நிற்பான், பேசப்போவது நான்தான் என்று தீர்மானமாகிவிட்டது. மனுவில் முதல் பேராக எஸ்தர் என்று எழுதச் சொன்னேன். செத்தவங்க பேர் எதுக்கு என்று நிச்சயம் கேட்பார்கள். உன் விரலில் ஒரு குற்றமும் இல்லை என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன். அவர்கள் அதை எழுதிக்கொள்ளும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

கூடப் பிறக்காமலே உன்னை அக்கா என்றவள்,
உன் மகனுக்குச் சின்னம்மா,
பாக்கியம்