அமானுஷ்யமான சத்தம்

அன்புள்ள சகதர்மிணிக்கு,

நீ உன் அண்ணனோடு கெப்பாலா பத்தாஸ் போய் நான்கு மாதமாகிறது. சமையலறை ஒழுகலை அடைத்தாயிற்று. காலியாகவே கிடந்த தொட்டிலை எதிர்வீட்டுக்காரர் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

நேற்று கோர்ட்டில் ஒரு மரண விசாரணை. தாசேக் கெலுகோர் பக்கத்துத் தோட்டத்தில் மருதாயி என்ற பெண் பிரசவத்தில் இறந்துவிட்டாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரை ஏன் கூப்பிடவில்லை என்று அங்கே கணக்கு எழுதும் கிராணியைக் கேட்டார்கள்.

"கூலி லயத்து வீட்டுலேர்ந்து வந்தது அமானுஷ்யமான சத்தமுங்க. அதான் கிட்டப் போகலை."

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று மாஜிஸ்திரேட் துரை மொழிபெயர்ப்பாளனான என்னைக் கேட்டார். மனிதருக்கு அப்பாற்பட்டது, பேய் பிசாசு காரியங்களுக்குச் சொல்வது என்றேன். எழுதிக்கொண்டார். பிறகு, வீட்டுக்குள் யார் இருந்தது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"மருதாயி மட்டுந்தாங்க."

துரையின் அடுத்த கேள்வியையும் தமிழில் சொன்னேன். "அப்படின்னா கத்தினது யாரு?"

கிராணி சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். மொழிபெயர்க்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் உட்கார முடியாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

உனக்குப் பிரசவ வலி கண்ட அன்று மத்தியானம், மருத்துவச்சி வருவதற்கு முன், நம் அறையிலிருந்து வந்த சத்தத்தைப் பற்றி உன் அண்ணனிடம் நானும் அதையேதான் சொன்னேன். "உள்ளே போக முடியலை மச்சான், அமானுஷ்யமா இருந்துச்சு."

கதவு தாழ்கூடப் போட்டிருக்கவில்லை.

அது உன் குரல். என்னைத்தான் கூப்பிட்டாய். எனக்கு அப்போதே தெரியும்.

இப்படிக்கு,
வாசலில் நின்றவன்