சம்பளம் என்று எழுதிய எட்டாயிரம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, கவலையை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துத் தூங்குகிறீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். தினமும் போனில் பேசுகிறவர்களுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுதாய், நானும் சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தச் சரிக்கு அர்த்தம் சம்மதம் இல்லை. நீ அழுதால் எனக்குப் பேச்சு வராது, பேனாவைப் பிடித்தால் வரும், மரக்கிடங்கில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதியவள் வேறு எப்படி இருப்பாள். அதனால் ஒரு தடவை முழுக்கப் படி, பிறகு மாப்பிள்ளையிடம் கொடு, அவருக்குத் தெரியாத விஷயமும் இதில் இருக்கிறது.

முதலில் வீட்டுச் சமாசாரம். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் ஒரு சட்டை வாங்கியிருக்கிறான், அதைப் போட்டுக்கொண்டு வந்தால் சாலையில் வண்டிகள் தானாக நின்றுவிடும் போல அப்படி ஒரு சிவப்பு. சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததை மாற்றியாகிவிட்டது. அப்பா லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியும் எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்கிறார், போன வாரம் எதிர்க் கட்டடத்துக் காவலாளியைக் கூப்பிட்டு உங்கள் லிஃப்ட்டுக்கு எண்ணெய் போட்டு எத்தனை நாளாச்சு என்று விசாரித்தாராம். அந்த ஆள் அப்பாவை ஏதோ அதிகாரி என்று நினைத்து நாற்காலி போட்டிருக்கிறான், வந்ததிலிருந்து இவர் நடையே மாறிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வரி அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் போனில் உனக்குப் படித்துக் காட்டினேன், மாப்பிள்ளைக்காக மறுபடி சொல்கிறேன். உன் படச்சட்டக் கடையின் வரிக் கணக்கில், மாதம் எட்டாயிரம் வீதம் எனக்குச் சம்பளம் கொடுத்ததாக இரண்டு வருடமும் செலவு எழுதியிருக்கிறாய். என் வரிக் கணக்கிலோ ஓய்வூதியமும் வங்கி வட்டியும் மட்டும்தான் இருக்கின்றன, சம்பளம் என்று ஒரு வரி கிடையாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் கேட்கிறார்கள். இந்தக் கடையில் நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள், வாங்கிய சம்பளத்தை ஏன் காட்டவில்லை, இருபதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டுப் பதில் தர வேண்டும். உறையைப் பிரித்ததும் எனக்குப் பயம் வந்தது உண்மை. பிறகு தண்ணீர் குடித்துவிட்டு இரண்டாவது தடவை படித்தேன், அப்போது பயம் போய் வெட்கம் வந்தது.

இது ஆரம்பித்த கதை உனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியாது. நீ கடை திறந்த புதிதில்தான் அப்பாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். பணம் அனுப்புகிறேன் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய், கல்யாணம் செய்து கொடுத்த பெண்ணிடம் கை நீட்ட மாட்டேன் என்று நான் இரண்டு காலிலும் நின்றேன். அந்தச் சமயத்தில் கடை ரசீதுகளை ஒரு செருப்புப் பெட்டியில் அடைத்து எனக்கு அனுப்பினாய், கண்ணாடி வாங்கியது, பசை வாங்கியது, சட்டத்துக்கு மரம் வாங்கியது, நடுவில் நீங்கள் இரண்டு பேரும் வெளியே சாப்பிட்டது, எல்லாம் ஒரே கும்பல். மாதம் ஒரு பெட்டி வீதம் மூன்று பெட்டி. நான் உட்கார்ந்து பிரித்து, அடுக்கி, எழுதிக் கொடுத்தேன். செஞ்ச வேலைக்குச் சம்பளம்மா, இதை நீ வேணாம்னு சொல்ல முடியாது என்று எட்டாயிரம் அனுப்பினாய். சம்பளம் என்றதும் என் கை தானாக நீண்டது. நாலாவது மாதம் நீ கணினியில் கணக்கு வைக்க ஆரம்பித்தாய், பக்கத்துத் தெருக் கணக்காளரையும் அமர்த்திக்கொண்டாய், பெட்டி நின்றது, சம்பளம் நிற்கவில்லை. இருபத்தொன்பது மாதம் வந்தது. பெட்டி எங்கே என்று நான் ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. சம்பளம் என்று சொன்னால்தான் அம்மா வாங்குவாள் என்று உனக்குத் தெரியும், சம்பளம் என்று நினைத்தால்தான் எனக்கும் வாங்க முடிந்தது. ஆனால் என் வரிக் கணக்கை நிரப்பும்போது மட்டும் இது மகள் அனுப்புவதுதானே என்று விட்டுவிட்டேன். உன் புத்தகத்தில் சம்பளம், என் மனதில் மகள் பணம். கிடங்கில் ஒரு பலகை கணக்கில் இடித்தால் சாப்பாடு இறங்காமல் திரிந்தவள் செய்த வேலை இது. பேராசை பிடித்தவர்கள் கூட இப்படி ஒரு தப்பைச் செய்யமாட்டார்கள், நம்மைப் போல வீம்பு பிடித்தவர்களுக்குத்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டது என்ன. மொத்தத்தையும் சம்பளம் என்றே காட்டிடும்மா, உனக்கு வர்ற வரி கொஞ்சம்தான், அதை நான் கட்டிடறேன், நீ கையெழுத்து மட்டும் போடு என்றாய். அம்மா போடாவிட்டால் கடையையே மூடிவிட்டு எங்காவது வேலைக்குப் போய்விடுவேன் என்றும் சொன்னாய். பணத்தை மட்டும் பார்த்தால் நீ சொன்னதில் மிச்சம் இருக்கிறது, நான் ஒரு நாள் முழுக்க யோசித்தேன் என்பதையும் மறைக்கவில்லை. கடிதத்தோடு வந்த படிவத்தில் மூன்றாவது கேள்வி, செய்த வேலையின் விவரம். பேனாவை வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது எழுதினால் அடுத்து அத்தாட்சி கேட்பார்கள், நீ பழைய தேதி போட்டு ஒரு தாள் தயார் செய்வாய், அதற்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன், அப்புறம் அந்தத் தாளைக் காப்பாற்ற இன்னொரு தாள். இதுவரை நாம் செய்தது தப்பு, அதற்கு மேல் செய்தால் அதன் பெயர் வேறு. அப்பாவிடம் சொன்னேன். அவர் நிதானமாக, நீ அவகிட்ட வேலை பாக்குற ஆளா, அவளுக்கு அம்மாவா, ரெண்டுல ஒண்ணை எழுது என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பரைப் பிரித்துக்கொண்டார். கல்யாணமான நாள் முதல் அவர் என் கணக்கில் மூக்கை நுழைத்தது இந்த ஒரு தடவைதான்.

எங்கள் கிடங்கின் பழைய ஆடிட்டரைப் போய்ப் பார்த்தேன். தாளைப் பார்த்துவிட்டு, நீங்களுமா மேடம் என்று ஒரு வார்த்தை கேட்டார், அதை மென்று விழுங்கிக்கொண்டேன். அவர் சொன்ன வழி இது. முதல் மூன்று மாத இருபத்து நாலாயிரம் நிஜமான சம்பளம், அது உன் செலவில் அப்படியே இருக்கட்டும், நான் என் கணக்கைத் திருத்தி அதைக் காட்டிவிடுகிறேன். முடிந்துபோன இரண்டு வருடத்தில் மீதி இருபத்தொரு மாதம், ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம், அதைச் செலவிலிருந்து எடுத்துவிட்டு நீ திருத்திய கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். உனக்கு ஐந்தில் ஒரு பங்கு வரி என்று வைத்தால் முப்பத்து மூவாயிரத்து அறுநூறு, வட்டி நாலாயிரத்துக்குள் அடங்கும் என்கிறார். இந்த வருடத்து ஐந்து மாதத்துக்கு ஒரு தொல்லையும் இல்லை, கணக்கு இன்னும் போகவில்லை, சம்பளம் என்ற தலைப்பிலிருந்து தூக்கி நீ சொந்தச் செலவுக்கு எடுத்தது என்ற தலைப்பில் போடு. உன்னிடம் அவர்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னால் நீயே சொன்னால் வரியும் வட்டியும்தான், கேட்ட பிறகு சொன்னால் அபராதமும் சேரும் என்று அழுத்திச் சொன்னார். என் பதிலை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மூன்று மாதம் வேலை செய்தேன், அதன் பிறகு வேலை ஒன்றும் செய்யவில்லை, வந்தது என் மகள் எனக்குக் கொடுத்த பணம், இவ்வளவுதான். பதினாறாம் தேதி தபாலில் சேர்ப்பேன். பதினைந்துக்குள் உன் திருத்தம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். உன்னை மாட்டிவிடுகிறேன் என்று நினைக்காதே, நீ முன்னால் போவதற்காகத்தான் நான் பத்து நாள் பின்னால் நிற்கிறேன்.

சட்டத்துக்கு மூலை வெட்டும் இயந்திரம் வாங்க நீ சேர்த்த பணம் இதில் போய்விடும் என்று தெரியும், அதுதான் உன் அழுகை. முழுவதும் ஒரே தடவையில் முடியாவிட்டால் தவணை கேட்டு எழுது, கேட்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை. எனக்கு அனுப்பிய பணத்தை நான் தொடாமல் சேர்த்து வைத்திருந்து இப்போது எடுத்துத் தருவேன் என்று சினிமாவில் வருகிற மாதிரி எதிர்பார்க்காதே, மருந்துக்கும் அப்பாவின் கால் பயிற்சிக்கும் குழாய்க்கும் போய்விட்டது, நன்றாகவே உதவியது. இயந்திரம் ஆறு மாதம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். இரண்டு வருடத்தில் ஒரு மாதம் கூட வாடகை நிற்காத கடையை, முப்பத்தெட்டாயிரத்துக்காக மூடுகிறேன் என்றால் யாராவது சிரிப்பார்கள். உன் கணக்கை நான் பார்த்தவள், அந்தக் கடை நிற்கும்.

சரி, இந்தத் தடவை சம்பளம் இல்லாமலே சிலது சொல்கிறேன், கேட்டுக்கொள். கடைக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு ஒரு வங்கிக் கணக்கு, இரண்டும் ஒன்றோடொன்று பழகவே கூடாது. வீட்டுக்கு வேண்டியதை மாதம் ஒரு நாள் கடையிலிருந்து எடு, எடுத்ததை எடுத்தது என்று எழுது, பால் பாக்கெட்டுக்கு எல்லாம் கடைக் கார்டைத் தேய்க்காதே. கடைகளில் தரும் வழவழப்பான சீட்டு ஆறு மாதத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும், வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடு, எதற்கு வாங்கியது என்று பின்னால் நாலு வார்த்தை எழுது, உனக்கு ஞாபகம் இருக்கும் என்று மட்டும் நம்பாதே. யாராவது படத்தைக் கொடுத்து முன்பணம் தந்தால் அது உன் வருமானம் ஆகிவிடவில்லை, சட்டம் போட்டுக் கொடுத்த பிறகுதான் ஆகும், அதுவரை முன்பணம் என்று தனியாக வை. உன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாயே ஒரு பெரிய கண்ணாடி, அதற்குப் போன மரமும் கண்ணாடியும் கடைச் செலவில் இருக்கிறதா பார், இருந்தால் எடுத்துவிடு. மாதக் கடைசியில் லாபம் பார்த்து அதில் கால் பங்கை வரிக்கென்று தனியாக ஒதுக்கு, அது உன் பணம் இல்லை, உன்னிடம் தங்கியிருக்கிறது. இதை வாங்கினால் வரி குறையும் என்று யாராவது சொன்னால், வேண்டிய சாமானா என்று முதலில் பார், நூறு கொடுத்து இருபது மிச்சம் பிடிப்பதற்குப் பெயர் சாமர்த்தியம் இல்லை. அந்தக் கணக்காளர் நல்ல மனுஷர்தான், ஆனால் இது யார், என்ன வேலை என்று ஒரு தடவையாவது உன்னைக் கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்காவிட்டால் நீ அவரைக் கேள், ஒவ்வொரு தலைப்பும் ஏன் என்று கேள், கீழே இருப்பது உன் கையெழுத்து.

இன்னொன்று. நேற்று வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் பதிந்து வந்தேன். இந்த மாதம் உன் பணம் வரவில்லை. பயந்து நிறுத்திவிட்டாய் என்று புரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து பாஸ்புக்கை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தேன். எனக்கு வருத்தம் எட்டாயிரம் போனதில் இல்லை. இரண்டரை வருடமாக நீ எனக்குக் கொடுத்ததை நான் ஒரு தடவை கூட வாங்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. நீ கொடுத்தாய், நான் சம்பளம் என்று பெயர் வைத்து எடுத்துக்கொண்டேன். அதனால் இப்போது கேட்கிறேன், பெற்ற மகளிடம் முதல் தடவையாகக் கேட்கிறேன். வரி கட்டி, தவணை கட்டி, வீட்டுச் செலவு போக உன் சொந்தக் கணக்கில் ஏதாவது மிஞ்சினால் அம்மாவுக்கு அனுப்பு. எட்டாயிரம் வேண்டாம், எண்ணூறு போதும், எண்பது என்றாலும் சரி. அதற்கு நான் ஒரு வேலையும் செய்ய மாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் துணையாக, கை நிறைய வேலையும் மனம் நிறைய தெம்புமாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் என் ஆசியும் அந்தக் கடைக்கும் சேர்த்துத்தான். கண்ணாடி வெட்டும்போது கையுறை போட மறக்காதே. பதினைந்தாம் தேதி, மறக்காதே.

உன் அம்மா