ஜூனியின் பெயருக்குக் கட்டம் இல்லை

ஹார்லன் ஸ்பிரிங்ஸ், கான்சஸ்
ஆகஸ்ட் 23, சனிக்கிழமை

அன்புள்ள மகள் மெரிடித்துக்கு,

இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், அங்கே அலாஸ்காவில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் கால்வினும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, அவள் போட்ட பீன்ஸை இந்த ஆண்டும் முயல்கள்தான் அறுவடை செய்தன. கோபம் வந்தால் என் கையெழுத்து சிறுத்துப்போகும் என்பாய், ஆகவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி. நான்தான் மிகைப்படுத்துகிறேனோ என்ற ஐயத்தில் மூன்று முறை எழுதிக் கிழித்தேன், இதைக் கிழிக்கப் போவதில்லை.

பள்ளிக்குள் சுட வருகிறவனைத் தடுக்க எங்கள் ஆசிரியர்களில் ஐந்து பேர் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று போன குளிர்காலத்தில் பள்ளி வாரியம் முடிவெடுத்தது உனக்குத் தெரியும். அந்த ஐவரில் நானும் ஒருவன் என்பது தெரியாது, வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. பள்ளிக் கண்காணிப்பாளர் கெயில் ரேட்மேக்கர் என்னைக் கூப்பிட்டு, “ஷெரிஃப் ஆபீஸ்லேர்ந்து போலீஸ் வண்டி வர்றதுக்கு இருபத்திரெண்டு நிமிஷம் ஆகும் சார். சயின்ஸ் பக்கத்துல உங்கள விட்டா யாரு இருக்கா?” என்று கேட்டபோது மறுக்கத் தைரியம் இல்லாமல் தலையாட்டிவிட்டேன். அம்மா மட்டும், “முயலையே வெரட்டத் தெரியாத மனுஷன், நீங்க யாரைச் சுடப் போறீங்க?” என்றாள்.

மூன்று நாள் பயிற்சி, விடுமுறையில் காலியாகக் கிடந்த பள்ளியிலேயே நடந்தது. பயிற்சி தந்தவர் டுவேன் ஸ்ட்ரௌட், ஓய்வுபெற்ற போலீஸ்காரர். நான் நாற்பத்தோரு பக்கம் குறிப்பெடுத்தேன். “மூஞ்சியப் பாக்காதீங்க, கையப் பாருங்க. மூஞ்சி பொய் சொல்லும், கை சொல்லாது” என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம். கடைசி நாள், பட்டால் சாயம் மட்டும் சிதறும் சாயக்குண்டு வைத்து ஒத்திகை. பயந்து ஓடும் பிள்ளைகளாக நடிக்க நாடகக் குழு மாணவர்கள் வந்திருந்தார்கள், அவர்களுக்குக் கூலி பீட்சா, எங்கள் ஐவரின் பெயரை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஜூனி ப்ரூவிட், என் வேதியியல் வகுப்புப் பெண், பதினாறு வயது. ஒலிபெருக்கியில் வேட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. சொல்லிக்கொடுத்தபடியே சுவரோரமாகப் போனேன், கொலைகாரனாக நடித்தவனை இரண்டு குண்டில் வீழ்த்தினேன். உடனே என் ஆய்வகக் கதவு திறந்தது. கையைப் பார்த்தேன். கறுப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. சுட்டேன், இரண்டு முறை. ஜூனியின் நெஞ்சில் நீலச் சாயம் வழிந்தது.

அவள் கையில் இருந்தது டார்ச். நீயும் என் வகுப்பில் உட்கார்ந்தவள், அந்த டார்ச்சை அறிவாய். ஆபத்து என்றால் கடைசியாக வெளியேறுகிறவர் கேஸ் குழாயை மூடிவிட்டு, கதவோரம் தொங்கும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று முப்பத்தோரு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். ஒத்திகையில் அவளை யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை. நான் என்றோ சொன்னதை அவள் மறக்கவில்லை, அதற்காகத்தான் சுடப்பட்டாள். “சார், நான் காலி. இனிமே லேப் ரிப்போர்ட் கேக்க மாட்டீங்கல்ல?” என்று தரையில் கிடந்தபடியே கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் மெரிடித், அதை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது.

ஸ்ட்ரௌட் என் முதுகில் தட்டி, “விடுங்க வாத்தியாரே, ஆளை அடிச்சீங்கல்ல? நீங்க பாஸ்தான்” என்றார். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. மதிப்பெண் தாளில் ‘கூடுதல் குண்டுகள்’ என்ற கட்டத்தில் இரண்டு என்று போட்டிருந்தது. அந்த இரண்டும் யார்மேல் பட்டன என்று எழுதுங்கள் என்றேன். “அதுக்குக் கட்டமே இல்லியே” என்றார். என் வகுப்பில் ஒரு துளி அமிலம் சிந்தினால்கூட யார் கையில் பட்டது என்று எழுதாமல் நான் விட்டதில்லை. ரேட்மேக்கரிடம் போய், ஐந்து பேருக்கும் மறுபடி பயிற்சி வையுங்கள் என்று கேட்டேன். “அஞ்சு பேர்னு பேரண்ட்ஸுக்கு லெட்டர் போயாச்சு சார், இப்ப வந்து குழப்பாதீங்க. பெயிண்ட்தானே?” என்றார். பெயிண்ட்தானே. இரண்டு பிள்ளைகளைப் பெற்று அதே பள்ளிக்கு அனுப்புகிறவரின் வாயிலிருந்து வந்த சொல் இது. வழக்கம்போல் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

நேற்று ஆய்வகத்தில் சீசாக்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஜூனி வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். இந்த முறை சிரிப்பு இல்லை. “சார், திங்கக்கிழமை ஸ்கூல் தொறந்ததுலேர்ந்து டார்ச்சை எடுக்கணுமா, வேணாமா?” என்று கேட்டாள். எந்த மாணவரும் இவ்வளவு சரியான கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. “நீ எடும்மா. நான்தான் துப்பாக்கியை எடுக்கப் போறதில்ல” என்றேன், சொன்ன பிறகுதான் முடிவெடுத்துவிட்டேன் என்பதே எனக்குத் தெரிந்தது. நேராக ரேட்மேக்கரின் அலுவலகத்துக்குப் போய்த் துப்பாக்கிப் பெட்டியின் சாவியை மேசைமேல் வைத்தேன். என் மதிப்பெண் தாளை வாங்கி, ஓரத்தில் ‘ஜூனி ப்ரூவிட், வயது 16, நெஞ்சில் இரண்டு’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். எழுத்து தெளிவாகவே விழுந்தது. “உங்களுக்கு ரிட்டையர்மென்ட் நேரம் வந்துடுச்சுன்னு நெனைக்கிறேன்” என்றார் ரேட்மேக்கர். இருக்கலாம். உண்மையாகவே ஒருவன் வந்து நான் வெறுங்கையோடு நின்றால் என்ன ஆகும் என்ற பயமும் எனக்கு உண்டு, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் ஜூனிக்கு ஒரு பதில் சொல்லிவிட்டேன்.

மூவரும் குறைவின்றி நீண்ட நாள் வாழ எங்கள் ஆசிகள். கால்வினுக்குக் கம்பளிக் கையுறை அனுப்பியிருக்கிறாள் அம்மா. ஒன்று மறந்துவிடாதே, அவனைப் பள்ளியில் சேர்க்கும்போது அங்கே யார் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று கேட்காதே, சொல்ல மாட்டார்கள். பயிற்சியில் அவர்கள் யாரைத் தவறுதலாகச் சுட்டார்கள் என்று கேள். பெயரைச் சொல்லச் சொல்.

உன் அப்பா,
ஆர்வின் டீட்ஸ்