ஸ்வீடன்காரிக்கு ஒரு கடிதம்

1996 ஜூலை 9, செவ்வாய்

கப்பலிலிருந்து விடுப்பில் வந்த மச்சான், அந்த ஸ்வீடன் பாடகியின் கேசட்டை இன்று அட்டையோடு கொண்டுவந்தான். போன வருஷம் அவன் பதிவு செய்து அனுப்பிய பாட்டும் அதில் இருக்கிறது. அந்த மெட்டுக்கு நான் எழுதிய பர்மிய வரிகள்தான் இப்போது எங்கள் லத்தா பேட்டை டீக்கடைகளில் எல்லாம் ஓடுகின்றன.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் ஸ்டெல்லா கேசட்டைப் போட்டாள். பாதிப் பாட்டில் துள்ளி எழுந்தாள். "அப்பா, இது உங்க பாட்டு! இந்தப் பொம்பள திருடிட்டா!"

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கென்ன, சிரித்துவிட்டுப் போய்விடுவான். மெட்டு என்னுடையதில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் அதோடு விடவில்லை. அட்டையிலிருந்த விலாசத்துக்கு இங்கிலீஷில் கடிதமே எழுதிவிட்டாள்: 'என் அப்பாவைக் கேட்காமல் எடுத்தது தப்பு. மன்னிப்புக் கேளுங்கள்.' தபாலில் போடச் சொன்னாள். வெளியே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, போட்டாச்சு என்றேன். அது இந்த நோட்டுக்குள் கிடக்கிறது.

"ஒரு மாசத்துல பதில் வந்துருமாப்பா?"

ஒரு மாதத்தில் வரப்போவது ஸ்வீடன்காரியின் அடுத்த ஆல்பம். வந்ததும் முதலில் எனக்குத்தான் அனுப்பவேண்டும் என்று மச்சானிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.