அம்மா எதனால் இறந்தாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் பிழைத்துக்கொண்டேன். நேற்று, "பழைய கதையை எதுக்கு இப்ப கிளறுற" என்று போனை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன். முழுதாகப் படியுங்கள்.

மாதவிடாய் நின்றபின் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. நின்ற நிற்பில் உடம்பெல்லாம் தணலாகக் கொதிக்கும். "உன்னையே துணி மேல வச்சுத் தேய்ச்சிரலாம் போல" என்று நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்க்கும் அக்கா கிண்டல் செய்வார். தூக்கம் அடியோடு போயிற்று. ஹார்மோன் மாத்திரை எழுதும் முன், குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைந்து கட்டியதுண்டா என்று டாக்டரம்மா இரண்டு தரம் கேட்டார். அம்மா போனது மாரடைப்பில், வேறெதுவும் கிடையாது என்று நானும் அடித்துச் சொன்னேன்.

சூடு அடங்கியது. ஆறாவது வாரம் இடது கால் வீங்கி, வலியில் உயிர் போயிற்று. ஸ்கேனில் தொடை ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி. நல்லவேளை, நுரையீரலுக்குப் போகவில்லை. இப்போது ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறேன்.

பார்க்க வந்த சித்திதான் அழுதுகொண்டே போட்டு உடைத்தார். நான் ஊரில் இல்லாத அந்த வாரம் அம்மாவுக்கும் இதே கால் வீக்கம்தானாம். கட்டி நுரையீரலுக்கு ஏறி மூச்சு நின்றதாம். அப்போது என் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்ததால், பரம்பரை நோய் என்று பெண்ணைத் தட்டிக்கழித்துவிடுவார்கள் எனப் பயந்து, மாரடைப்பு என்று சொல்லச் சொன்னது நீங்களாம்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் அண்ணா. அதற்குப் பிறகாவது சொல்ல வாய் வரவில்லையா? "தெரிஞ்சிருந்தா இந்த மாத்திரையே எழுதியிருக்க மாட்டேனே" என்று டாக்டரம்மா சொன்னபோது கூனிக் குறுகிப்போனேன். உங்கள் பொய்யை நான் சத்தியம் மாதிரி சொல்லியிருக்கிறேன்.

என்னை விடுங்கள். உங்கள் மகளும் மாதவிலக்கு சீராவதற்கு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாள் என்று அண்ணி சொன்னார். அவளுக்கும் இப்போது வரன் பார்க்கிறீர்கள். பாட்டி மாரடைப்பில் போனாள் என்றே அவளும் நம்பிக்கொண்டிருக்கிறாள். பரம்பரை நோய் என்று அவளை வேண்டாமென்கிறவன் வேண்டாமென்றே போகட்டும்.

மாத்திரையைத் தொடரலாமா என்று அவள் இன்றே தன் டாக்டரிடம் கேட்டாக வேண்டும். மாலை ஆறு மணிக்கு நான் அவளுக்குப் போன் செய்வேன். அதற்குள் பெற்ற அப்பா வாயால் அவள் கேட்டுவிட்டால், எனக்குச் சொன்ன பொய்யை நான் மறந்து தொலைக்கிறேன்.

குழந்தை நூறு வயது இருக்கட்டும். அவளிடம் சொல்லிவிடுங்கள் அண்ணா.

கோபம் ஆறாத
உங்கள் தங்கை